அலமாரி எண் 2-இல் கிடந்த கான்செர்ட்டோக்கள்

கேள்வி இது: பரோக் காலத்து (ஏறக்குறைய 1600 முதல் 1750 வரை) வயலின் கான்செர்ட்டோ, அதாவது தனி வயலினும் துணைக் குழுவும் சேர்ந்து வாசிக்கிற இசை, அந்த ஆல்பங்களின் அட்டையில் 'உலகின் முதல் பதிவு' என்று போடுகிறார்களே, 300 வருஷத்துக்கு முன்னால் எழுதியது இத்தனை நாள் எங்கே இருந்தது? யார் தேடி எடுக்கிறார்கள்? வெறும் பழைய காகிதத்தை வைத்துக்கொண்டு எப்படி வாசிக்கிறார்கள்? கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். இதில் பாதி சுவாரசியம் கிளைக்கதைகளில்தான் இருக்கிறது.

வெனிஸ் நகரத்து இசையமைப்பாளர் விவால்டியின் 'நான்கு பருவங்கள்' கேட்காத காது இன்றைக்குக் குறைவு. போனில் காத்திருக்கச் சொல்லிவிட்டு அதைத்தான் ஓடவிடுகிறார்கள். அந்த நான்கும்கூட ஒரு காலத்தில் மறந்துபோன கான்செர்ட்டோக்கள்தான். 1725-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானவை. விவால்டி 1741-இல் வியன்னாவில் இறந்தபின் மெல்ல மெல்லப் பேச்சுமூச்சில்லாமல் போயின. 1947 டிசம்பர் கடைசி நாட்களில் லூயி காஃப்மன் என்ற அமெரிக்க வயலின் கலைஞர் நியூயார்க் கார்னகி ஹாலில் அவற்றைப் பதிவு செய்தார். அவ்வளவு அவசரம் எதற்கென்றால், 1948 ஜனவரி 1 முதல் யாரும் பதிவுகளுக்கு வாசிக்கக் கூடாது என்று அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் தடை போட்டிருந்தது. அதற்கு முன்பே இத்தாலியில் ஒரு பதிவு வந்திருந்தாலும், பரவலாகப் போய்ச் சேர்ந்தது காஃப்மனுடையதுதான். அதாவது இன்று உலகமே முணுமுணுக்கும் அந்த மெட்டு, பொதுக் காதுக்குத் திரும்பி வந்து இன்னும் 100 வருஷம்கூட ஆகவில்லை.

அப்படியென்றால் மற்றவை? விவால்டி தனி வயலினுக்கு மட்டும் 200-க்கு மேல் கான்செர்ட்டோ எழுதினார். இன்னொரு இத்தாலிய வயலின் கலைஞர் டார்டினி 100-க்கு மேல். இந்த வடிவம் பரோக் காலத்தில் கிட்டத்தட்ட வாரச் சந்தைச் சரக்கு மாதிரி: ஒரு தனி வயலின், பின்னால் ஒரு சின்னக் குழு, வேகம், மெது, வேகம் என்று மூன்று பகுதி, பத்துப் பன்னிரண்டு நிமிஷம். வாசித்தாகிவிட்டதா, அடுத்தது எங்கே என்று கேட்ட காலம் அது. பழையதை எடுத்துத் திரும்பத் திரும்ப வாசிப்பது என்ற வழக்கமே அப்போது பெரிதாகக் கிடையாது.

ஆனால் அவை மறைந்துபோனதற்கு இன்னொரு காரணம், சுத்தமான வியாபாரக் காரணம். 1733-இல் எட்வர்ட் ஹோல்ட்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேயர் வெனிசில் விவால்டியைச் சந்தித்துவிட்டு, ஊரிலிருந்த நண்பர் சார்லஸ் ஜெனென்ஸுக்குக் கடிதம் எழுதினார். இசையமைப்பாளர் ஹாண்டலின் 'மெஸ்ஸையா' என்ற பாட்டுப் படைப்புக்கு வசனம் தொகுத்துக் கொடுத்த அதே ஜெனென்ஸ்தான். இனிமேல் கான்செர்ட்டோ எதையும் அச்சுக்குக் கொடுப்பதில்லை என்று விவால்டி முடிவெடுத்திருக்கிறார் என்றது கடிதம். அச்சாகிவிட்டால் கையெழுத்துப் பிரதி விலை போகாது. பிரதியாக விற்றால் உருப்படிக்கு ஒரு கினி (அந்தக் காலத்து ஆங்கிலத் தங்கக் காசு) கிடைக்கும். கடைசிப் பத்து வருஷம் அவர் எழுதியதெல்லாம் இப்படி ஒவ்வொன்றாக, ஒவ்வொரு ஆளிடம் போய்ச் சேர்ந்தது. வாங்கியவர் வீட்டோடு அது முடிந்தது. தேடுகிறவர்கள் இன்றைக்கும் இசையைத் தேடுவதற்கு முன் வாங்கியவரைத் தேடுவது இதனால்தான்.

அப்படி வாங்கியும், கேட்டுப் பெற்றும், தன் கையால் பிரதி எடுத்தும் சேர்த்த ஆட்களில் எனக்கு மிகப் பிடித்தவர் யோஹான் கியோர்க் பிசென்டல். 1687-இல் பிறந்தவர். சிறுவயதில் ஆன்ஸ்பாக் அரசவையில் பாடகச் சிறுவன்; அங்கேயே டொரெல்லியிடம் வயலின் கற்றார். 1712-இல் ஜெர்மனியில் சாக்சனியின் தலைநகரான டிரெஸ்டனின் அரசவை ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்தார். 1716-இல் வெனிசில் தங்கியிருந்த சாக்சனி இளவரசருக்கு வாசிக்க அனுப்பப்பட்ட சிறு குழுவில் இவரும் ஒருவர். அங்கே விவால்டியிடம் பாடம் கேட்டார், சீக்கிரமே நண்பராகவும் ஆனார். விவால்டி சில கான்செர்ட்டோக்களின் தலைப்பிலேயே 'திருவாளர் பிசென்டலுக்காகச் செய்தது' என்று தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஊர் திரும்பும்போது பிசென்டலின் பெட்டியில் துணியைவிடக் காகிதம்தான் அதிகம் இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வது உண்டு.

பிறகு டிரெஸ்டன் ஆர்க்கெஸ்ட்ராவுக்கே தலைமை வயலின் ஆனார். 1755-இல் இறக்கும்வரை அங்கேதான். அவர் சேர்த்து வைத்ததை அரசவை எடுத்துக்கொண்டது. பிற்பாடு அரசவைக் கருவியிசைக் காகிதங்களையெல்லாம் கட்டுக் கட்டாக உறையில் போட்டு, ஒவ்வோர் உறையிலும் 'அலமாரி எண் 2', இத்தனையாவது தட்டு, இத்தனையாவது அடுக்கு என்று சீட்டு ஒட்டி, கத்தோலிக்க அரசவைத் தேவாலயத்தில் ஓர் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். காகிதம் ஏறக்குறைய 1,750 உருப்படி. நாகரிகம் மாறிவிட்டது, யாரும் திறக்கவில்லை. 1860 வாக்கில் இசை இயக்குநர் யூலியஸ் ரீட்ஸ் காலத்தில்தான் அது வெளியே வந்தது. சுமார் 100 வருஷம் ஒரு பூட்டிய அலமாரி, அதுவும் ஊருக்கு நடுவே!

எனவே இந்த விஷயத்தில் 'கண்டுபிடிப்பு' என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். இந்தக் கான்செர்ட்டோக்களில் பெரும்பாலானவை காணாமல் போகவில்லை. எந்தத் தட்டில் இருக்கின்றன என்பதுவரை சீட்டு ஒட்டியிருந்தது. அதைப் படிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நிஜமாகவே துப்பறியும் கதை வேண்டுமென்றால் டூரினுக்குப் போக வேண்டும். 1926-இல் வடக்கு இத்தாலியில் போர்கோ சான் மார்ட்டினோ என்ற ஊரில் சலேசியப் பாதிரிமார் நடத்திய கல்லூரிக்குக் கட்டட வேலைக்குப் பணம் வேண்டியிருந்தது. கையிலிருந்த பழைய இசைத் தொகுதிகளை விற்கலாமென்று, என்ன விலை பெறும் என்று டூரின் தேசிய நூலகத்தைக் கேட்டார்கள். நூலக இயக்குநர் லூயிஜி டோர்ரி, பல்கலைக்கழகத்தில் இசை வரலாறு கற்பித்த ஆல்பெர்ட்டோ ஜென்டிலியை அழைத்தார். வந்தது 97 தொகுதி. அதில் 14 விவால்டி. பெரும்பாலும் அவருடைய சொந்தக் கையெழுத்து.

விஷயம் வெளியே கசிந்தால் பழம்பொருள் வியாபாரிகள் வந்து பிரித்து வாங்கிப் போய்விடுவார்கள். நூலகத்திடம் பணம் இல்லை. ஜென்டிலி அலைந்து திரிந்து ரொபெர்ட்டோ ஃபோவா என்ற பங்குத் தரகரைப் பிடித்தார். அவர் சமீபத்தில் மௌரோ என்ற சின்னக் குழந்தையைப் பறிகொடுத்திருந்தார். குழந்தையின் பெயரில் தொகுப்பு முழுவதையும் வாங்கி நூலகத்துக்குக் கொடுத்தார்.

அப்புறம்தான் ஜென்டிலிக்கு உறைத்தது: தொகுதிகளின் பழைய எண்கள் இடையிடையே விட்டுப்போகின்றன. இது முழுச் சொத்து இல்லை, பங்கு பிரித்ததில் ஒரு பாதி. மறுபாதி எங்கே? தொகுதிகள் முன்பு இருந்தது ஜெனோவாவைச் சேர்ந்த துராட்சோ என்ற பிரபுக் குடும்பத்திடம்; அதன் வம்சாவளியை ஆள் வைத்துத் துருவினார்கள். கடைசியில் இன்னொரு கிளையைச் சேர்ந்த ஒரு வயதான பிரபுவின் வீட்டில் மீதி இருந்தது. அவரை இணங்க வைக்க, அவர் பாவமன்னிப்புக் கேட்கும் பாதிரியாரையே தூது அனுப்ப வேண்டியிருந்தது. விற்பதற்கு ஒப்புக்கொண்டவர், இந்த இசையை யாரும் வாசிக்கக் கூடாது, அச்சிடக் கூடாது என்று நிபந்தனை போட்டார் என்றும் சொல்கிறார்கள். 1930-இல் இந்தப் பாதியை வாங்கிக் கொடுத்தவர் ஃபிலிப்போ ஜோர்தானோ என்ற துணி ஆலை முதலாளி. அவருக்கும் ரென்ட்சோ என்ற மகன் குழந்தையிலேயே இறந்திருந்தான். இன்றும் டூரினில் அந்தத் தொகுப்புகளுக்கு அந்த இரண்டு குழந்தைகளின் பெயர்தான்: மௌரோ ஃபோவா, ரென்ட்சோ ஜோர்தானோ. இந்த ஒற்றுமையை ஒருவர் கதையில் எழுதியிருந்தால் ரொம்ப நாடகத்தனம் என்று தள்ளியிருப்போம்.

இரண்டு பாதியும் சேர்ந்து விவால்டியின் 450-ஐத் தொடும் படைப்புகள் கிடைத்தன. அதை உலகுக்குக் கொண்டுவந்த ஜென்டிலிக்கு என்ன கிடைத்தது? அவர் யூதர். 1938-இல் இத்தாலியின் இனச் சட்டங்கள் வந்து பல்கலைக்கழக வேலை பறிபோனது. 1939-இல் சியேனா நகரில் அல்ஃப்ரெடோ கசெல்லா ஒரு விவால்டி வாரம் நடத்தி இந்த இசையை மேடையேற்றினார். அதில் ஜென்டிலிக்கு இடம் இல்லை.

சரி, காகிதம் கையில் வந்தாகிவிட்டது. இனிமேல்தான் வேலை. ஒரு கான்செர்ட்டோ இரண்டு உருவத்தில் கிடைக்கலாம். எல்லாக் கருவிகளும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிய ஸ்கோர். அல்லது ஒவ்வொருவரும் தன் ஸ்டாண்டில் வைத்து வாசிக்கிற தனித்தனி பார்ட். பெரும்பாலும் உறையில் பெயர் இருக்காது, அல்லது தப்பாக இருக்கும். எனவே முதல் கேள்வி: எழுதியது யார் கை? காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி எந்த ஆலை என்று சொல்லும். ஐந்து கோட்டை ஒரே இழுப்பில் போட ஐந்து முள் கொண்ட பேனா ஒன்று அப்போது இருந்தது. ஒவ்வொரு பேனாவுக்கும் முள்களுக்கு இடையே இடைவெளி மில்லிமீட்டர் கணக்கில் கொஞ்சம் மாறும். ஒரே பேனாவால் கோடு போட்ட தாள்களைச் சேர்த்தால் அவை ஏறக்குறைய ஒரே காலத்தவை. பால் எவரெட் என்ற ஆய்வாளர் விவால்டியின் தேதியில்லாத கான்செர்ட்டோக்களைக் காலவரிசைப்படுத்தியதில் இந்தக் கோட்டு அளவுக்குப் பெரிய பங்கு உண்டு.

அவர் ஆராய்ந்தவற்றில் ஒன்று மான்செஸ்டரில் இருக்கும் கட்டு. ரோமில் கார்டினல் ஒட்டோபோனி சேர்த்து வைத்திருந்த கான்செர்ட்டோ பார்ட்டுகள், ஹோல்ட்ஸ்வொர்த் வழியாக ஜெனென்ஸ் கைக்கு வந்து, பிறகு பல கை மாறி மான்செஸ்டர் நூலகத்தில் ஒதுங்கின. 'நான்கு பருவங்க'ளின் கையெழுத்துப் பார்ட்டுகளும் அதில் இருக்கின்றன. அச்சுப் பிரதியோடு ஒத்துப்பார்த்தால் பல இடங்களில் வித்தியாசம்.

டிரெஸ்டன் பக்கங்கள்தான் எனக்குத் தனிப்பட்ட முறையில் பைத்தியம் பிடிக்க வைத்தவை. ஏ மேஜரில் இருக்கும் ஒரு கான்செர்ட்டோ, விவால்டி படைப்புகளுக்கு எண் கொடுக்கும் ரியோம் பட்டியலில் ஆர்.வி. 340, விவால்டி பிசென்டலுக்காக எழுதியது. ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகைக் கருவி) வாசிப்பவர் எந்தச் சுரக்கூட்டைப் பிடிக்க வேண்டும் என்று பாஸ் வரிக்கு, அதாவது அடிக்குரல் வரிக்கு, எண்கள் போடுவது வழக்கம். விவால்டி பெரும்பாலும் போட மாட்டார்; விஷயம் தெரிந்தவனுக்கு எதற்கு என்ற நினைப்பு. இந்தக் கான்செர்ட்டோவில் போட்டுவிட்டு, பக்கத்தில் இத்தாலியனில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். நாகரிகமாகச் சொன்னால் 'முட்டாள்களுக்காக'. அவர் எழுதிய சொல் அவ்வளவு நாகரிகமானதல்ல. பாதிரியார் பட்டம் வாங்கிய மனிதர்! 300 வருஷம் கழித்து அதைப் பார்க்கிற எவருக்கும், இது நண்பனுக்கு அனுப்பிய தாள் என்பதை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது மெதுவான பகுதிகள். விவால்டி அங்கே எழுதுவது பெரும்பாலும் எலும்புக்கூடுதான்: ஒரு நீளமான ஸ்வரம், அதிலிருந்து இறங்கி இன்னொரு நீளமான ஸ்வரம். நம் ஊர் ஸ்வரப் புத்தகத்தில் ஸரிகம மட்டும் இருக்கும், கமகம் பாடுகிறவர் தொண்டையில் இருக்கும், அது மாதிரி. எழுதியதை அப்படியே வாசித்தால் அந்தக் காலத்து ஆள் சிரித்திருப்பார். என்ன சேர்க்க வேண்டும் என்பது எங்கும் எழுதியிருக்காது. ஆனால் பிசென்டல் தன் பிரதிகளில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு நீள ஸ்வரம் இருந்த இடத்தில், அதற்கு மேலே இருக்கிற சந்தில், பொடிப்பொடியாக ஓடும் ஸ்வரங்கள். சில இடத்தில் முழு ஸ்வரமாக எழுதப் பொறுமையில்லாமல் தலையை மட்டும் புள்ளியாகக் குத்திவிட்டுப் போயிருப்பார். தனக்கு மட்டும் புரிந்தால் போதும் என்ற அவசரக் கிறுக்கல். இன்றைக்கு விவால்டியை எப்படி அலங்கரித்து வாசிக்கலாம் என்பதற்கு, விவால்டியிடமே கற்ற ஒருவர் விட்டுப்போன சாட்சி அது. இந்தக் கிறுக்கலுக்காகவே அந்த அலமாரி தப்பித்ததற்கு நன்றி சொல்லலாம்.

இங்கே ஒரு தர்மசங்கடமும் உண்டு. பிசென்டல் அலங்காரத்தோடு நிற்கவில்லை. டிரெஸ்டனில் ஓபோ, ஹார்ன், பசூன் வாசிக்கிற நல்ல ஆட்கள் ஏராளம்; அவர்களுக்கும் வேலை வேண்டுமே என்று விவால்டி தந்திக் கருவிகளுக்கு மட்டும் எழுதியதில் காற்றுக் கருவிகளைச் சேர்த்தார். பிடிக்காத பகுதியைத் தூக்கிவிட்டு வேறொன்றை வைத்தார். எனவே பதிவு செய்கிறவர் எதை எடுப்பது? டூரினில் இருக்கும் விவால்டியின் பிரதியையா, டிரெஸ்டனில் பிசென்டல் மெருகேற்றியதையா? அசல்தான் வேண்டும் என்கிறவர்களை நான் மதிக்கிறேன், ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன். டிரெஸ்டன் கேட்டது பிசென்டலின் வடிவத்தைத்தான். அதுவும் ஒரு அசல்.

பிசென்டல் கறாரான ஆள். கச்சேரிக்கு முன் ஒவ்வொரு வயலின் பார்ட்டிலும் வில்லை மேலே இழுப்பதா கீழே இழுப்பதா, எங்கே உரக்க, எங்கே மெல்ல என்று தானே குறித்துக் கொடுப்பாராம். அவரைப் பற்றி உலவும் ஒரு கதையும் உண்டு. டிரெஸ்டனுக்கு வந்த இத்தாலிய வயலின் மேதை வெராச்சினி ரொம்ப அலட்டிக்கொண்டாராம். பிசென்டல் ஒரு கடினமான கான்செர்ட்டோவை எழுதி, பின்வரிசை வயலின்காரர் ஒருவருக்கு ரகசியமாகப் பழக்கி, வெராச்சினி வாசித்து முடித்ததும் அவரை வாசிக்கச் சொன்னாராம். அவர் வெளுத்துக் கட்டிவிட்டார். 1722 ஆகஸ்டில் வெராச்சினி மாடி ஜன்னலிலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொண்டது உண்மை. காரணம் இந்த அவமானம்தான் என்பது வதந்தி.

எல்லாப் பார்ட்டும் கிடைத்தால் அதிர்ஷ்டம். வெனிசில் பியத்தா என்ற அநாதை இல்லத்தில் வளர்ந்து, விவால்டியிடம் கற்று, ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கியவர் அன்னா மரியா. குடும்பப் பெயர் கிடையாது. 'வயலின் அன்னா மரியா' என்பதே அவர் பெயர். அவருடைய சொந்த வாசிப்புப் புத்தகம் இன்றும் வெனிஸ் இசைப்பள்ளி நூலகத்தில் இருக்கிறது. முப்பது சொச்சம் கான்செர்ட்டோ, பெரும்பாலும் விவால்டி. ஆனால் அது தனி வயலின் பார்ட் மட்டும். சில கான்செர்ட்டோக்களுக்கு உலகத்தில் வேறு பிரதியே கிடையாது. தொலைபேசியில் ஒருவர் பேசுவது மட்டும் கேட்கிற மாதிரி. குழு வாசிக்கும் இடங்களில் முதல் வயலின் என்ன வாசிக்கும் என்பது அதில் தெரியும். பாஸை ஊகித்து எழுத வேண்டும், நடுக் குரல்களை இட்டு நிரப்ப வேண்டும். விவால்டி தன் சரக்கைத் தானே மறுபடி பயன்படுத்துவதில் கூச்சப்படாதவர் என்பதால், வேறொரு படைப்பில் அதே துணுக்கு கிடைத்தால் வேலை சுலபம். இப்படி மீட்டெடுத்ததைப் பதிவு செய்யும்போது 'இன்னார் மறுகட்டமைத்தது' என்று அட்டையில் நேர்மையாகப் போட்டுவிடுவார்கள். போடாதவர்களை நம்ப வேண்டாம்.

டார்டினியிடம் வேறு வகைப் புதிர். பாதுவா நகரில் புனித அந்தோனியார் பேராலயத்தில் 1721 முதல் வாசித்தவர். அவருடைய கான்செர்ட்டோப் பிரதிகளில், மெதுவான பகுதிகளின் தலையில் வினோதமான குறியீடுகள் இருக்கும். எழுத்துமில்லை, எண்ணுமில்லை. மினோஸ் துனியாஸ் என்ற கிரேக்க ஆய்வாளர் உட்கார்ந்து அதை உடைத்தார்: கவிதை வரிகள்! மெட்டாஸ்டாசியோ போன்ற கவிஞர்களின் பாட்டு வரியை மனதில் வைத்து மெட்டுப் போட்டு, அந்த வரியை யாருக்கும் தெரியாமல் ரகசிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். துனியாஸ் 1935-இல் வெளியிட்ட பட்டியல் எண்தான் இன்றும் அந்தக் கான்செர்ட்டோக்களுக்கு விலாசம். ஏன் ஒளித்தார் என்பதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். விடை கிடைக்கவில்லை.

போலிகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் பதில் முழுமையாகாது. 'மறந்துபோன பொக்கிஷம்' என்றாலே மக்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள் என்பது வியாபாரிகளுக்கு எப்போதும் தெரியும். விவால்டி உயிரோடு இருந்தபோதே, 1737-இல், பாரிசில் அவர் பெயரில் ஒரு சொனாட்டாத் தொகுப்பு அச்சானது. எழுதியது நிக்கொலா ஷெடெவில் என்பவர். உண்மை நிரூபணமாக 250 வருஷம் பிடித்தது. வயலின் மேதை ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் விவால்டி பெயரில் ஒரு கான்செர்ட்டோவையே எழுதி மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார், கைதட்டலுக்குக் குறைவில்லை. 1935-இல் அவரே ஒப்புக்கொண்டார். 'அல்பினோனியின் அடாஜியோ' என்று கல்யாணத்திலும் சாவிலும் வாசிக்கிறார்களே, அது 1958-இல் ரெமோ ஜியட்சொட்டோ வெளியிட்டது. போரில் சிதைந்த டிரெஸ்டன் நூலகத்திலிருந்து கிடைத்த ஒரு துண்டை வைத்துக் கட்டியதாகச் சொன்னார். அந்தத் துண்டின் அசல் வெளியே வரவே இல்லை. டிரெஸ்டன் என்ற பெயரைச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்ற கணக்கு.

போர் என்றதும் இன்னொன்று. பெர்லின் சிங் அகாடமி என்ற பழைய பாடகர் சங்கத்தின் பெரிய இசைக் காப்பகத்தை 1943-இல் குண்டுவீச்சுக்குப் பயந்து சிலேசியாவுக்கு அனுப்பி வைத்தார்கள். அதோடு ஆளைக் காணோம். அழிந்தது என்றே கணக்கெழுதிவிட்டார்கள். 1999-இல் அது கீவ் நகரில் இருப்பது தெரிந்து, 2001-இல் பெர்லினுக்குத் திரும்பியது. 5,000-க்கு மேல் உருப்படி. பாக் குடும்பத்தினர், கிரவுன் சகோதரர்கள் என்று வடக்கு ஜெர்மானிய இசை ஒரு தலைமுறையே அதில் இருந்தது.

இப்போது பதிவுக்கு வருவோம். முன்பெல்லாம் ஒரு கலைஞர் டிரெஸ்டனுக்கே போய், பென்சில் மட்டும் அனுமதிக்கிற வாசிப்பறையில் உட்கார்ந்து பிரதி எடுக்க வேண்டும், அல்லது மைக்ரோஃபிலிமுக்குப் பணம் கட்டிக் காத்திருக்க வேண்டும். டிரெஸ்டன் நூலகம் 2008-இல் தொடங்கி அலமாரி எண் 2-இல் இருந்ததையெல்லாம் படம் எடுத்து இலவசமாக இணையத்தில் போட்டுவிட்டது. இந்தப் பத்துப் பதினைந்து வருஷத்தில் முதல் பதிவுகள் குவிவதற்குப் பெரிய காரணம் அதுதான். யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே பக்கத்தைப் பெரிதாக்கி, ஸ்வரம் ஸ்வரமாகக் கணினியில் அடித்து, பார்ட் தயாரிக்கலாம். எழுத்தர் தூங்கி வழிந்து ஒரு அளவு (தாளக் கட்டம்) விட்டிருப்பார். இரண்டாம் வயலின் பார்ட் மட்டும் எட்டு அளவு முன்னால் முடியும். முதல் ஒத்திகையில்தான் அது தெரியும்.

எத்தனை பேர் வாசிப்பது என்பதும் சண்டை. டிரெஸ்டன் ஓபரா ஆர்க்கெஸ்ட்ராவின் இருக்கைப் படத்தை பிரெஞ்சு எழுத்தாளர் ரூசோ தன் இசை அகராதியில் போட்டிருக்கிறார்: முதல் வயலின் 8, இரண்டாம் வயலின் 7, ஓபோ 5, பசூன் 5. அது பெரிய அரங்கு. இன்றைய குழுவில் வயலினுக்கு இரண்டிரண்டு பேர் வந்தாலே பட்ஜெட் முடிந்துவிடும். சுருதி இன்னொன்று: இன்றைய ஏ ஸ்வரம் நொடிக்கு 440 அதிர்வு, பரோக் குழுக்கள் பெரும்பாலும் அரை ஸ்வரம் இறக்கி 415-இல் வைக்கின்றன. வெனிஸ் சுருதி அப்போதே உயரமாக 440-ஐ ஒட்டி இருந்ததால், விவால்டிக்கு மட்டும் மேலே ஏற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. தந்தி, ஆட்டுக் குடலில் திரித்தது. ஈரம் ஏறினால் சுருதி ஓடும், வெயில் அடித்தால் அறுந்துபோகும். வழக்கமாக எதிரொலி நன்றாக இருக்கும் ஒரு தேவாலயத்தை மூன்று நான்கு நாள் வாடகைக்கு எடுப்பார்கள். ஒரு டேக், சுருதி சேர்ப்பது, வெளியே லாரி போனால் நிறுத்துவது, மறுபடி ஒரு டேக். 70 நிமிஷ ஆல்பத்துக்கு இப்படி நூற்றுக்கணக்கான துண்டுகள். கணினியில் தைப்பது வேறு வேலை.

பணம் எங்கிருந்து வருகிறது? பெரிய கம்பெனிகள் இதில் அபூர்வமாகத்தான் கை வைக்கும். 1990-களின் தொடக்கத்தில் ரைன்ஹார்ட் கோபெல் தன் கொலோன் குழுவோடு டிரெஸ்டன் அரசவை இசையமைப்பாளர் ஹைனிசெனின் கான்செர்ட்டோக்களைப் பதிவு செய்து, அந்த அலமாரியின் பக்கம் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தார். 2000-இல் ஆல்பெர்ட்டோ பாஸ்ஸோ தூண்டுதலில், டூரின் தொகுப்பு முழுவதையும் பதிவு செய்யும் பெரிய திட்டம் ஆரம்பமானது, இன்னும் ஓடுகிறது. வயலின் கலைஞர் யோஹான்னஸ் பிராம்சோலர் போன்றவர்கள் வேறு வழி பார்த்தார்கள்: அவர் தானே ஆடக்ஸ் என்று ஒரு லேபிளைத் தொடங்கி, பிசென்டல், மொன்டனாரி என்று தனக்குப் பிடித்ததைப் போடுகிறார். அவர் கையிலிருக்கும் 1713-ஆம் வருஷத்து ரொஜேரி வயலின் முன்பு கோபெலிடம் இருந்தது. இந்த உலகம் அவ்வளவு சின்னது.

எல்லாமே மேதைமையா என்று கேட்டால், இல்லை. 'மறந்துபோன' கான்செர்ட்டோக்களில் பாதிக்கு மேல் சாமர்த்தியமான தொழில்வேலைதான். ஒரே துணுக்கை ஒரு படி கீழே, இன்னொரு படி கீழே என்று இறக்கிக்கொண்டே போவது, கடைசியில் ஆரம்பித்த இடத்துக்கு வருவது. வரிசையாக நான்கு கேட்டால் அலுப்புத் தட்டும். ஓர் ஆல்பத்தை மூச்சுவிடாமல் கேட்காதீர்கள். அவற்றை எழுதியவர்களும் அப்படிக் கேட்டதில்லை.

எங்கே தொடங்கலாம் என்றால்: டிமித்ரி சின்கோவ்ஸ்கி அந்த டூரின் வரிசையில் பதிவு செய்த 'பிசென்டலுக்காக' என்ற தொகுதி. அப்புறம் ஜூலியானோ கார்மிஞோலா வெனிஸ் குழுவோடு வாசித்த விவால்டியின் பிற்காலக் கான்செர்ட்டோக்கள். அச்சுக்குக் கொடுக்காமல் கினிக்கு விற்ற காலத்துச் சரக்கு. கேட்கும்போது டிரெஸ்டன் நூலகத்தின் பக்கத்தையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், நோட்ஸ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஏ மேஜர் கான்செர்ட்டோவில் பாஸ் வரிக்குப் பக்கத்தில் அந்தக் கெட்ட வார்த்தையைத் தேடிப் பாருங்கள்.